நாலு பேர் அறை

பட்டாசு ஆலை வெடிவிபத்துச் செய்தியை எழுத எங்கள் பக்கத்து நிருபர்களுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. ஊர்ப் பெயர், தரைமட்டமான அறைகளின் எண்ணிக்கை, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், அறிவிக்கப்பட்ட நிவாரணம். நடுவில் தவறாமல் ஒரு வாக்கியம்: மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. அந்த முதற்கட்டத்துக்கு அடுத்த கட்டம் எது, அது எப்போது முடிந்தது, அதில் என்ன தெரியவந்தது என்பதையெல்லாம் நாம் படிப்பது அபூர்வம். கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று நீளும் இந்தக் கரிசல் வட்டாரத்தில் பல வருஷமாக உராய்வு ஒன்றே குற்றவாளி. அதைக் கைது செய்ய முடியாது என்பதில் பல பேருக்கு வசதி இருக்கிறது.

உராய்வு பொய் என்று சொல்லவில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவையில் ஒரு மணல் பருக்கை சிக்கி, அதன்மேல் ஏதோவொன்று அழுத்தி உரசினாலே போதும். பட்டாசில் பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992இல் தடை போட்டதும் இதனால்தான். அந்தச் சேர்மானம் லேசான உரசலைக்கூடத் தாங்காது. ஆனால் உராய்வு என்பது பொறி எங்கே விழுந்தது என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். விழுந்த பொறி ஒரு கையைச் சுட்டதோடு நிற்காமல், ஒரு அறையோடும் நிற்காமல், இருபது வீட்டில் ஒப்பாரி வைக்கும்படி ஏன் பரவியது என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கான விடையைக் கோவில்பட்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் பிழைப்பதே அந்த விடையை வைத்துத்தான். தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். குச்சியின் முனையில் குளோரேட்டு இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து, ஆகவே பிரித்து வை. ஸ்வீடனைச் சேர்ந்த பாஷ் என்ற வேதியியல் பேராசிரியர் 1844இல் காப்புரிமை வாங்கிய யோசனை இவ்வளவுதான். பத்தாண்டு கழித்து யான்ஷாப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து இங்கே ஊன்றியதும் இந்தத் தொழிலைத்தான்.

அதற்கு முந்தைய தீக்குச்சி வெள்ளைப் பாஸ்பரஸில் செய்தது. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் பிரையண்ட் அண்ட் மே ஆலையில் 1888இல் தீக்குச்சிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தத் தாடை நோயும் ஊர்ப்பேச்சானது. பாதுகாப்பான தீக்குச்சி அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளைப் பாஸ்பரஸை நாடுகள் சேர்ந்து விலக்க 1906இல் பெர்ன் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. இந்தியாவில் 1913இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம். காரணம் அறியாமை அல்ல. வெள்ளை மலிவு, எங்கே உரசினாலும் பற்றும் என்ற வசதி வேறு. மலிவையும் வசதியையும் அனுபவித்தவன் ஒருவன், தாடையை இழந்தவள் வேறொருத்தி. இந்தக் கணக்கு எங்கேயோ ஐரோப்பாவில் முடிந்துபோன கதை என்றுதான் நானும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பட்டாசுக்கு வருவோம். வெடிபொருள் விதிகள் 2008, தொழிற்சாலைச் சட்டம் என்று எதைப் புரட்டினாலும், ஒருவித அலுப்போடு படித்துக்கொண்டே போனால், கடைசியில் கிடைப்பது ஒரே சங்கதிதான்: இடைவெளி. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம். கலக்கும் இடம் தனி, அடைக்கும் இடம் தனி, காயவைக்கும் மேடை தனி, முடித்த சரக்கை வைக்கும் கிட்டங்கி இன்னும் தள்ளி. ஒரு நேரத்தில் அறைக்குள் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம். இன்று கலந்ததை இன்றே முடி, நாளைக்கு வைக்காதே. இரும்புக் கருவி வேண்டாம், பருத்தி உடுத்து, உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடு என்பவையெல்லாம் பொறி விழாமல் இருக்க. மற்றவையெல்லாம் பொறி விழத்தான் போகிறது என்று ஒத்துக்கொண்டு எழுதியவை. விழுந்தால் நாலு பேரோடு நிற்கட்டும் என்பது சட்டத்தின் கணக்கு. சட்டம் எழுதியவர் கனிவானவர் என்று சொல்ல முடியாது, எதார்த்தவாதி.

இங்கே எடுக்கப்படும் குறுக்குவழி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இடைவெளியைத்தான் சுருக்குகிறது. நாலு பேர் அறையில் எட்டுப் பேர். அறை போதாதபோது வாசலில், வேப்பமரத்தடியில், சாக்கை விரித்து வேலை. கலக்கும் அறைக்குப் பத்துத் தடவை நடப்பதற்குப் பதிலாக இரண்டு தடவையில் கொண்டுவந்து குவித்துக்கொள்வது. மணி மணியாக உருட்டிய மருந்தைக் காயவைக்கும் மேடைப் பக்கத்திலேயே அடைக்கும் வேலை. ஆலை வாசலிலேயே விற்பனைக் கடை. 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், இறந்தபோது, சரக்கைச் சோதித்துப் பார்க்க வெடித்த பட்டாசின் பொறி பறந்து விழுந்தது என்றுதான் செய்தி வந்தது. விற்கிற இடமும் வெடித்துப் பார்க்கிற இடமும் அடுக்கி வைத்த இடமும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் பொறிக்கு வேறு போக்கிடம் ஏது?

இந்த வரிசையில் யாரும் அதிகம் பேசாதது மிச்ச மருந்து. சாயங்காலம் வேலை முடியும்போது அறையில் கொஞ்சம் கலவை மீந்துவிடும். அதை விதிப்படி அழிக்க வேண்டும். அழிப்பது என்றால் காசை அழிப்பது. வெடியுப்பும் அலுமினியமும் விலை கொடுத்து வாங்கியவை. ஆகவே அது ஒரு மூலையில் ராத்திரி தங்கும். அலுமினியப் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் மெதுவாக வினைபுரிந்து சூடாகும். வெடியுப்பும் கூட இருந்தால் அந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும். அம்மோனியா வாடை வரும். இதைத் தடுக்கக் கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. சேர்க்காவிட்டாலோ போதாவிட்டாலோ, மழைக்கால ராத்திரியின் ஈரமும் பூட்டிய அறையின் புழுக்கமும் சேர்ந்து யாரும் தொடாமலேயே பற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கள் காலையில் கதவைத் திறக்கிறவருக்கு உள்ளே இருப்பது சனிக்கிழமை விட்டுவிட்டுப் போன மருந்து அல்ல, இரண்டு ராத்திரி வெந்துகொண்டிருந்த வேறொன்று. அதைக் கையால் கிளறும்போது வெடித்தால் செய்தியில் என்ன வரும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தொழிலாளிகளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தெரியும். மருந்தைப் பற்றி அந்தப் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு அதிகாரிகளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். விரலில் ஒட்டும் விதத்தை வைத்தே கலவை சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சம்பளம் நாளுக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. ஆயிரம் வெடிக்கு இவ்வளவு, ஒரு குரோசுக்கு இவ்வளவு. கலக்கும் அறைக்கு நடக்கிற நடைக்குக் கூலி கிடையாது. நாலு பேர் உட்கார்ந்த அறையில் ஐந்தாவதாக மகளை உட்காரவைத்தால் சாயங்காலக் கணக்கில் ஒரு ஆளின் கூலி கூடும். பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்கிறது. கூலி முறை நேரத்துக்கு ஒரு பைசாவும் தருவதில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று பெயிண்டில் எழுதிப் போடுகிறோம். எழுதிய பெயிண்டருக்கும் சதுரஅடிக் கணக்கில்தான் கூலி என்று நினைக்கிறேன்.

அப்புறம் பழக்கம் வேறு இருக்கிறது. "நேத்தும் இப்படித்தான செஞ்சோம், என்ன ஆயிப்போச்சு?" என்கிற கேள்விக்கு எந்த ஃபோர்மேனாலும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் உண்மையிலேயே நேற்று ஒன்றும் ஆகவில்லை. முந்தாநாளும் ஆகவில்லை. விதியை மீறியும் உயிரோடு வீடு திரும்பிய நாள் ஒவ்வொன்றும், விதி கொஞ்சம் மிகை என்பதற்குச் சாட்சியாகச் சேர்ந்துகொள்கிறது. இது படிக்காதவர்களின் குணம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று 73 வினாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். காரணமான ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால் அரிப்பு ஒரு பிரச்சினையே அல்ல என்று ஆகிவிட்டது. முந்தின நாள் ராத்திரி, குளிர் அதிகம், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மேலிடம் தேதியைப் பார்த்தது. டயான் வாகன் என்ற சமூகவியலாளர் பின்னால் இதை ஆராய்ந்து, மீறல் எப்படிக் கொஞ்சங்கொஞ்சமாக வழக்கமாக மாறுகிறது என்று பெரிய புத்தகமே எழுதினார். நம் ஊரில் இதற்கு ஒரு வரி போதுமாக இருக்கிறது.

தேதி என்றால் நமக்குத் தீபாவளி. ஆடிப்பெருக்கில் பூஜை போட்டு வியாபாரம் சூடு பிடிக்கும். வட மாநிலங்களுக்கு லாரி ஏறியாக வேண்டும். 2012இல் தீபாவளி நவம்பரில் வந்தது. செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிபட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், திறந்தவெளியில் வேலை என்று குறைகள் வரிசையாக வெளிவந்தன. விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமத்தின் மேல் ஏற்கெனவே நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது என்பதும் வெளிவந்தது. அதாவது காகிதத்தில் ஆலை நிறுத்தப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டது. காகிதம் ஒரு பக்கம், காலை ஷிஃப்ட் மறுபக்கம். அரசாங்கம் இந்த ஒரு இடைவெளியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது.

முதலிபட்டியில் இறந்தவர்களில் கணிசமானோர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே அகப்பட்டவர்களைத் தூக்க ஓடிவந்த பக்கத்து ஊர் ஆட்கள். சேர்த்து வைத்திருந்த மருந்துக்கு அடுத்து தீ எட்டியபோது அவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். குறுக்குவழியைப் பற்றிப் பேசும்போது, அது எடுத்தவனின் சொந்த ரிஸ்க் என்று ஒரு பேச்சு உண்டு. ஹெல்மெட் போடாதவனின் தலை அவனுடையது என்கிற மாதிரி. முதலிபட்டியில் செத்த அந்த மனிதர்கள் எந்த விதியையும் மீறவில்லை. எந்தக் கூலிக் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் செய்தது ஒரே ஒரு காரியம்: கூப்பாடு கேட்ட பக்கம் ஓடியது. இந்த வட்டாரத்தில் அப்படி ஓடாத மனுசன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அடுத்த தடவையும் ஓடுவார்கள்.

முதலிபட்டிக்குத் தீபாவளி அவசரத்தைக் காரணம் சொல்லலாம். 2021 பிப்ரவரி 12க்கு என்ன சொல்வது? சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் அன்று நடந்த வெடிப்பில் இருபது பேருக்கு மேல் போனார்கள். தீபாவளி முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அங்கே வெளியே வந்தது வேறொரு நோய், உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவார். குத்தகைக்காரர் அறைகளைப் பிரித்துப் பலருக்கு உள்குத்தகைக்கு விடுவார். ஒரே வேலிக்குள் பல முதலாளிகள், பல ஃபோர்மேன்கள், பல அவசரங்கள். பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது இந்த அறைக்குத் தெரியாது. விதிகளில் எழுதிய இடைவெளி ஒரு நிர்வாகத்தை நம்பி எழுதியது. நிர்வாகமே துண்டு துண்டாகிவிட்டால் சுவருக்குச் சுவர் எத்தனை மீட்டர் விட்டும் பயனில்லை. குத்தகைப் பணத்தை எடுக்கவேண்டிய உள்குத்தகைக்காரருக்கு எட்டாவது ஆளையும் உட்காரவைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. மேலே இருக்கும் அண்ணாச்சி அன்று ஊரிலேயே இருக்கமாட்டார். அவருக்கு வரவேண்டியது முன்பணமாக வந்துவிட்டது.

அச்சங்குளத்துக்கு மாநில அரசு இறந்தவர் ஒருவருக்கு 3 லட்ச ரூபாய் அறிவித்தது. பிரதமரின் நிதியிலிருந்து 2 லட்சம். பின்னால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 20 லட்சம் என்று நிர்ணயித்தது. ஒரே சாவுக்கு மூன்று தொகை. இந்தத் தொகைகளில் எதுவும், ஆயிரம் வெடிக்கான கூலியில் ஏறுவதில்லை, பட்டாசுப் பெட்டியின் விலையிலும் ஏறுவதில்லை. பெட்டியின்மேல் ஒரு விலையை அச்சடித்து, அதில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று விற்கிற வியாபாரத்தில், தள்ளிவிடப்பட்டது எது எது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது, சரவெடிக்குத் தடை போட்டது. பசுமைப் பட்டாசுக்கு மாறச் சொன்னார்கள். பெரிய ஆலைகள் விதிப்படி அறை கட்டி, பயிற்சி கொடுத்து, மருந்தை அளந்து கொடுத்துத்தான் நடத்துகின்றன. அவர்கள் போட்டி போடவேண்டியது, மாவட்ட அளவில் உரிமம் வாங்கிய, ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் கூடாத சின்ன ஆலைகளோடும், உரிமமே வாங்காமல் வீட்டு அடுப்பங்கரையில் கருந்திரி முறுக்குகிறவர்களோடும். 15 கிலோவை வைத்துக்கொண்டு ஃபேன்சி ரகத்துக்கு ஆர்டர் பிடித்தவர் அதை எப்படி முடிப்பார் என்பது, உரிமம் கொடுத்தவருக்கும் தெரியும், ஆர்டர் கொடுத்தவருக்கும் தெரியும். ஆய்வுக் குழு வருகிறது என்ற சேதி கிடைத்ததும் ஆலைகள் லீவு விட்டுப் பூட்டிக்கொள்வது இங்கே செய்தித்தாளிலேயே வந்திருக்கிறது. பூட்டிய ஆலையில் விதிமீறல் எதுவும் இருக்காது. ஆய்வு என்னவோ வெற்றிதான்.

இதற்கெல்லாம் அடியில் கரிசல் கிடக்கிறது. இந்தத் தொழில் இங்கே வந்து வேர்விட்டதற்குக் காற்றில் ஈரம் குறைவு, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மானாவாரி பூமியில் மழை பொய்த்தால் ஆட்களும் சும்மா இருப்பார்கள். உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் வானத்தைப் பார்த்து விதைப்பவை. படைப்புழு வந்த வருஷம் மக்காச்சோளமும் கைவிட்டது. காட்டில் வேலை இல்லாத மாதங்களில் விடிகாலையில் ஊர் ஊராக வேன் வந்து நிற்கும். தீப்பெட்டி ஆபீஸ்களில் இயந்திரம் வந்து, கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் இருந்த வேலை குறைந்துபோனது. அங்கிருந்து கழன்றவர்களுக்கும் அடுத்த படி வெடி ஆபீஸ்தான். கரிசலின் எழுத்தாளர் பூமணி எடுத்த 'கருவேலம் பூக்கள்' படத்தில் இந்த வேன் பயணத்தின் குழந்தை முகம் இருக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு குழந்தைகள் வேனிலிருந்து பெருமளவு இறங்கிவிட்டார்கள். அது உண்மையான சாதனை, அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. சட்டம் விடாப்பிடியாக இருந்தால் இங்கேயும் பலிக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தப் பிடி பெரியவர்கள் விஷயத்தில் ஏனோ தளர்ந்துவிட்டது.

2022 பிப்ரவரியில் கோவில்பட்டி அருகே துறையூரில் ஒரு பட்டாசு ஆலையில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 1 அன்று சாத்தூர் அருகே சின்னக்காமன்பட்டி. நடுவில் வந்த ஊர்களை இங்கே அடுக்கினால் அது பேருந்து வழித்தடப் பலகை போல ஆகிவிடும். இவற்றில் எத்தனை வழக்கு தண்டனையில் முடிந்தது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். கைதானவர்களின் பட்டியலில் ஃபோர்மேனும் மேலாளரும் முதலில் வருவார்கள். உள்குத்தகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்வார்த்தை. வாய்வார்த்தைக்கு நீதிமன்றத்தில் எடை குறைவு.

ஆகவே ஒரு கோரிக்கை, விருதுநகர், தூத்துக்குடி இரண்டு மாவட்ட நிர்வாகங்களுக்கும். ஒவ்வொரு விபத்திலும் முதற்கட்டத்தோடு நிற்காமல் முழு விசாரணை அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள். அதில் ஐந்து விவரம் கட்டாயம் இருக்கட்டும்: உரிமம் யார் பெயரில் இருந்தது, அன்று அந்த அறையை நடத்தியது யார், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், அன்று காலை எத்தனை கிலோ மருந்து உள்ளே போனது, ஆயிரம் வெடிக்கு என்ன கூலி பேசப்பட்டது. அறிக்கையின் நகலை இறந்தவர்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்தில், கிராம சபையில் படிக்கும்படி வையுங்கள். இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. இந்த விவரங்களை வாங்க வேண்டியவர்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார்கள், அதுவும் எண்ணிக்கைக் கூலியில் அல்ல, மாதச் சம்பளத்தில்.